பக்கக் கதவு வழியாக ஒரு கார்

அவர் நல்லவரா என்று யாராவது கேட்டால் நான் திருதிருவென்று முழிப்பேன். நல்லவேளை, யாரும் கேட்டதில்லை. அந்தத் தெருவை விட்டு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நானேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் கை நிறைய வேலை இருக்கிற நேரமாகப் பார்த்து.

பக்கத்து வீட்டுக்காரர். விருத்தாசலம் ஜங்ஷனில், சரக்கு வேகன் ஏற்றி இறக்குகிற கூட்ஷெட்டில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகி, பெண்ணையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். தெருவே அவரைக் கூட்ஷெட் சார் என்றது. எனக்கு வெறும் சார். அறுபதுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே குடிபோன முதல் நாளே அவர்மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

எங்கள் இரும்பு பீரோவை நாலு பேர் மாட்டுவண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்திருந்தார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கொஞ்சம் இருங்கப்பா. முதல்ல சின்னதா பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு அட்டையும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். பீரோவை அளந்தார், வாசலை அளந்தார், நடையை அளந்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்து, சாக்பீஸால் எங்கள் வீட்டைப் போட்டு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு பீரோ வெட்டி அதற்குள் நகர்த்திக் காட்டினார். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாலு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"நிமித்தி எடுத்துட்டுப் போனா நடையில மாட்டிக்கும். படுக்க வச்சு, கால் பக்கம் முன்னால விடணும்" என்றார்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க சார். அவங்களுக்குத் தெரியாததா?" என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

நிமிர்த்தித்தான் எடுத்துப் போனார்கள். நடையில் மாட்டிக்கொண்டது. பின்னால் வரவும் முடியாமல், முன்னால் போகவும் முடியாமல் சுவரில் இரண்டு இடம் பெயர்ந்து, கடைசியில் அவர் சொன்னபடி படுக்க வைத்துத்தான் போயிற்று. மனுஷன் ஜெயித்த முகம்கூடக் காட்டவில்லை. அட்டை பீரோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் சுபாவமே அது. எதையும் சின்னதாகச் செய்து பார்க்காமல் பெரிதாகச் செய்ய மாட்டார். என் நாத்தனார் வளைகாப்புக்குப் பந்தி எப்படிப் போடுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு படி புளியங்கொட்டையை எங்கள் கூடத்தில் கொட்டி வரிசை வரிசையாக உட்கார வைத்தார். "மூணாவது வரிசைக்கு சாம்பார் எடுத்துட்டுப் போறவ எந்த வழியா திரும்புவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்ன மாதிரிதான் இலை போட்டோம், ஒரு சொட்டு சிந்தவில்லை.

இன்னொரு நாள் தெருமுனைச் சந்தில் ஒரு நீளக் கழியைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். என்ன சார் என்றேன்.

"பாடை திரும்புதான்னு பாக்கறேம்மா. திரும்பும் போலத்தான் இருக்குது. பின்னால தூக்கறவன் மட்டும் சாக்கடையில கால வைக்கணும்."

"யாருக்குப் பாடை?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

வீட்டுக்குப் போங்க சார் என்று அவரைத் திட்டி அனுப்பினேன். கிறுக்கா, இல்லை நம்மை எல்லாம் கிறுக்காக்குகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர், "விடு, தனியா இருக்கறவரு" என்பார். எதற்கெடுத்தாலும் அவருக்கு அது ஒரு பதில்.

அவர் வீட்டுப் பின்னறையில் இருந்த மேஜையை நான் பார்த்தது ஒரு வருஷம் கழித்துத்தான். நான் அப்போது ஊரில் ஒரு பீங்கான் யூனிட்டில் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தேன். டம்ளர், ஜாடி, கரண்ட் கம்பத்துப் பீங்கான், எதுவானாலும் பிளாஸ்டர் அச்சில் மண்ணை ஊற்றி எடுப்போம். "நல்ல மண்ணா கொஞ்சம் கிடைக்குமாம்மா?" என்று சார் கேட்டார். எதற்கு என்று கேட்டதும் உள்ளே கூட்டிப்போனார்.

கதவு அகலத்துக்கு ஒரு மேஜை. அதன்மேல் எங்கள் ஊர் கூட்ஷெட், அப்படியே. குடைக்கம்பியில் தண்டவாளம், தீக்குச்சியில் ஸ்லீப்பர் கட்டைகள். டீத்தூள் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்த ஒரு வேகன், சினிமா தியேட்டர் டிக்கெட் அறை மாதிரி ஒரு ஆபீஸ், மேடை, எடை மெஷின். வேகனுக்குப் பக்கத்தில் இழுத்துத் திறக்கிற கதவு. முன்பக்கம் முழுசாகத் திறக்கிற இன்னொரு கதவு. மேடையில் மூன்று விரல் உயரத்தில் ஐந்து ஆட்கள். ஆறாவது ஆள் ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தான்.

"இவன் ஏன் இங்க நிக்கறான்?"

"அவன எங்க நிறுத்தறதுன்னு தெரியலம்மா" என்றார்.

இந்த வயதில் பொம்மை ரயிலா என்று சிரிக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அவர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் ஒருவர் வருவார். அவரும் வயசானவர்தான். இடது கால் மடங்காது. கம்பை ஊன்றிப் படியேறுவதற்குள் நமக்கு மூச்சு வாங்கும். நேரே பின்னறைக்குப் போய் இரண்டு பேரும் சண்டை போடுவது எங்கள் வீடு வரை கேட்கும்.

"வேகன் மூஞ்சி சேலம் பக்கம்தான்யா பாத்துக்கிட்டிருந்துச்சு."

"இல்லீங்க ஐயா, கடலூர் பக்கம். வெயில் என் முதுகுல அடிச்சுது."

"காலையில வந்த வண்டிக்கு வெயில் எப்படிய்யா முதுகுல அடிக்கும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அடிச்சுது."

பழைய சிநேகிதர்கள் என்று நினைத்து நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தப்பாக நினைத்திருக்கிறேன் என்பது சார் மண் கேட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுதந்திரத்துக்கு முந்தி நடந்தது. திட்டக்குடிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் மெட்ராஸில் ஒரு கார் வாங்கி ரயிலில் போட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு பேர் உட்காருகிற சின்ன கார். துணிக் கூரை, பக்கத்தில் ஏறுவதற்குப் பலகை, உப்பின மட்கார்டு. முன்பக்கம் திறக்கிற வேகனில் நேராக ஓட்டி ஏற்றியிருக்கிறார்கள். இங்கே வந்து சேர்ந்தபோது வேகன் திரும்பி நின்றுவிட்டது. திறக்கிற முகம் வண்டி இறக்குகிற சரிவுக்கு எதிர்ப்பக்கம், பக்கவாட்டில்தான் மேடை. வேகனைத் திருப்பி நிறுத்த எஞ்சின் மறுநாள்தான் வரும். பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளை கழுத்தை நெரிக்கிறார். சார் அப்போது இந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கிளார்க்.

"பக்கக் கதவு பெருசா இருக்குதே, சாய்ச்சுத் திருப்பி அது வழியா எடுங்கடான்னு சொன்னேம்மா. மேஸ்திரி வராதுன்னான். வரும்னு சொல்லிட்டு நான் ஆபீஸுக்குள்ள போயிட்டேன். அப்போ எனக்கு எதையும் சின்னதா செஞ்சு பாக்கற பழக்கம் இல்ல."

கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டிருக்கிறது. கார் உருண்டு ஒரு லோடுமேன் காலை மேடைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அந்த லோடுமேன்தான் பெண்ணாடத்துக்காரர்.

விசாரணையில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்காதது லோடுமேன் கவனக்குறைவு என்று எழுதி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். லோடுமேன் சொன்னது வேறு. "நான் கட்டை வச்சேன். வண்டி கதவுல சிக்கிக்கிச்சு. ஆளாளுக்குக் கடப்பாரை போட்டு நெம்பினதுல கட்டை தெறிச்சுப் போச்சு." கார் சிக்கவே இல்லை, தானாக உருண்டது என்று மேஸ்திரி சாட்சி சொல்லிவிட்டான். யாரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானோ தெரியாது. லோடுமேன் மயங்கி விழுந்தவர், வருஷம் போகப் போக அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கட்டை வைத்தோமா, வைத்ததாக நினைக்கிறோமா? பெண்ணாடத்தில் அவர் மனைவி இட்லிக் கடை வைத்துத்தான் குடும்பம் நடந்தது. கடைக்கு வருகிறவர்கள் எதிரிலேயே, "ஒரு கட்டைய ஒழுங்கா வச்சிருந்தா எனக்கு ஏன் இந்த அடுப்பு?" என்று அந்தம்மா கேட்குமாம்.

சார் ரிட்டயர் ஆன மறு மாதம் லோடுமேன் தேடி வந்திருக்கிறார். "எனக்கு ஒண்ணும் வேணாங்க ஐயா. அந்தக் கதவு வழியா அந்தக் கார் வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க" என்றிருக்கிறார். வரும் என்றால் சிக்கியிருக்காது, கட்டை வைக்கவில்லை, அவர் தப்பு. வராது என்றால் சிக்கியிருக்கிறது, அவர் கட்டை வைத்திருக்கிறார், வரும் என்று சொன்ன சார் தப்பு. செய்து பார்த்துச் சொல்கிறேன் என்று சார் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அளவில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கார் இன்னும் பண்ணையார் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது, சீட்டில் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. சார் டேப்போடு போய் அரை நாள் அளந்து வந்தார். அதே மாதிரி வேகன் ஒன்றை யார்டில் அளந்தார். ஓரடிக்கு அரை அங்குலம் என்று கணக்குப் போட்டு வேகனை மரத்தில் செய்தார். காரின் வளைவெல்லாம் மரத்தில் வரவில்லை. அதனால்தான் மண். மூன்று தடவை செய்து அழித்து, நாலாவது தடவை அச்சு அசலாகச் செய்துவிட்டார்.

"இத சூளையில வச்சுக் குடும்மா. பச்சை மண்ணு கதவுல உரசினா தேஞ்சிடும். அப்புறம் வந்துச்சா, தேஞ்சு வந்துச்சான்னு எப்படிச் சொல்றது?" என்றார். எனக்கு அது ரொம்ப சரியாகப் பட்டது. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, ஜாடிகளுக்கு நடுவில் காரை வைத்துச் சுட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். சட்டைப் பொத்தானில் சக்கரம் மாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோடுமேனை வரச் சொல்லியிருந்தார். நானும் போனேன். சார் காரை வேகனுக்குள் வைத்தார். பென்சிலால் பின்னால் தள்ளி, மூக்கைச் சாய்த்து, கொஞ்சம் திருப்பி, இன்னும் கொஞ்சம் திருப்பி, பக்கக் கதவு வழியாக மேடைக்கு எடுத்தார். எங்கும் உரசவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி வெளியே வந்துவிட்டது.

லோடுமேன் குனிந்து அந்தக் கதவையே பார்த்தார். அப்புறம், "அப்போ என் தப்புதாங்க ஐயா" என்றார். கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து, "போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அவர் படி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மண்ணு சுட்டால் சுருங்கும். எங்கள் யூனிட்டில் கூட்டுகிற பையனுக்குக்கூடத் தெரியும். எட்டில் ஒரு பங்கு போய்விடும். யூனிட்டில் அச்சுக்கு அளவுப் படம் போடுகிறவர் அதற்குத் தகுந்த மாதிரி அச்சைப் பெரிதாக்கிவிடுவார். நான் ஊற்றி எடுப்பதோடு சரி, அதனால் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. சரியான அளவில் செய்த காரைச் சுட்டு நான்தான் சின்னதாக்கிக் கொடுத்திருக்கிறேன். மரத்து வேகன் சுருங்கவில்லையே.

ஐயோ, கூப்பிட வேண்டும் என்று திரும்பினேன். சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

நாளைக்கு என்பது எட்டு மாதம் ஆயிற்று. என்னத்தைச் சொல்ல. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். சார் வாசலில் நின்று "வேலைக்குக் கிளம்பிட்டியாம்மா?" என்பார். ஆமாம் சார் என்று போய்விடுவேன். இவர் கிழவர், நிம்மதியாக இருக்கிறார், இதைக் கெடுக்க நான் யார் என்று ஒரு மனசு. அங்கே ஒருத்தர் அடுப்படியில் ஏச்சு வாங்குகிறாரே என்று ஒரு மனசு. என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "விடு, தனியா இருக்கறவரு" என்றார். அவரிடம் போய்க் கேட்டேனே.

லோடுமேன் அதற்குப் பிறகு வரவில்லை. வந்தது பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு கட்டுக் கரும்போடு. சார் கடைக்குப் போயிருந்தார். என் வீட்டு வாசலில் கரும்பை இறக்கினார்.

"நீதான் அந்தக் காரைச் சுட்டுக் குடுத்தியாமே? ரொம்ப நன்றிம்மா. இருபத்தஞ்சு வருஷமா நான் கட்டை வச்சேன், வச்சேன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். இப்போ மனசு தெளிஞ்சிடுச்சு. என் பொண்டாட்டி கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுட்டேன். அதுவும் இப்போ திட்டறதில்ல."

அவர் போனதும், சார் பையோடு தெருவில் வருவதைப் பார்த்து நடுத்தெருவிலேயே மறித்துச் சொல்லிவிட்டேன். மண்ணு சுருங்கும் சார், அந்தக் கார் சின்னது சார், எட்டுல ஒரு பங்கு சின்னது சார்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியா?" என்றார். பிறகு, "அப்போ எவ்வளவு பெருசா செய்யணும்?" என்று கேட்டார்.

எங்கள் படம் போடுகிறவரிடம் கணக்குக் கேட்டு வந்து சொன்னேன். பெரிதாக ஒரு கார் செய்தார். சுட்டுக் கொண்டுவந்தேன். ஸ்கேலை வைத்துப் பார்த்தோம், ஒரு நூல் பிசகவில்லை. வேகனுக்குள் வைத்துத் திருப்பினார். பாதி வந்ததும் பின்பக்க மட்கார்டு கதவு நிலையில் இடித்து நின்றுவிட்டது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அங்கேதான் நின்றது. சார் ஜன்னல் விளிம்பிலிருந்த ஆறாவது ஆளை எடுத்து மேடையில், கட்டை வைக்கிறவன் நிற்கிற மாதிரி சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

மறுநாள் வேகனையும் காரையும் ஒரு கூடையில் வைத்துப் பெண்ணாடத்துக்கு பஸ் ஏறினோம். கூடையை மடியை விட்டு இறக்கவில்லை அவர். நான் எதற்குக் கூடப் போனேன் என்றால், அவர் கூப்பிட்டார், எனக்கும் வீட்டில் இருக்கத் தைரியமில்லை.

இட்லிக் கடை பெஞ்சில் வேகனை வைத்தார். லோடுமேன் எழுந்திருக்கப் போனார். "உக்காருங்க" என்றார் சார். அதுவரை வாய்யா, போய்யா என்று பேசியவர். காரைத் தள்ளிக் காட்டினார். இடித்து நின்றது. "போன தடவை அளவு தப்புங்க. இதுதான் சரி. அது சிக்கித்தான் இருக்குது. நீங்க கட்டை வச்சிருக்கீங்க. தப்பு என்னுது" என்றார்.

லோடுமேன் மனைவியைப் பார்த்து, "இங்க வா. வந்து நீயே பாரு" என்றார்.

அந்தம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தது. காரைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. வரவில்லை. சாய்த்துப் பார்த்தது. பின்னால் தள்ளி, திருப்பி, மறுபடி இழுத்தது. அடுப்பில் இட்லிப் பானை பொங்கி வழிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. "வுடு, ஒடைஞ்சிடும்" என்று லோடுமேன்தான் அதன் கையைப் பிடித்து எடுத்தார். அப்போதுதான் அந்தம்மா அழுதது. எனக்கும் அடக்க முடியவில்லை.

"இது இங்கயே இருக்கட்டுங்க ஐயா" என்றார் லோடுமேன். சரி என்று சார் வெறுங்கூடையோடு எழுந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவும் இல்லை, இவர் கேட்கவும் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு நான் தெருவில் மறித்துச் சொன்னபோது அவர் திடுக்கிடவே இல்லை என்பது என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. எதையும் அளக்காமல் விடாத மனுஷன், சூளையிலிருந்து வந்த காரை மட்டும் அளக்காமலா இருந்திருப்பார்?

"சார், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கு அவரு போனதுமே ஸ்கேல வச்சுப் பாத்தேன். அவரு பஸ் ஸ்டாண்டுகூடப் போய்ச் சேந்திருக்க மாட்டாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எட்டு மாசம் சார். எப்படி சார் சும்மா இருந்தீங்க?" என்று பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டுவிட்டேன்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சூளையில வேலை பாக்கறவ. உனக்குத் தெரியாம இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு வந்து சொல்லுவ, நாளைக்கு வந்து சொல்லுவன்னு தெனமும் நீ வேலைக்குப் போறப்ப வாசல்ல வந்து நின்னேன். நீ ஒண்ணும் சொல்லாம போயிடுவ. நீயே சொல்லல, அப்போ நானும் சொல்ல வேணாம் போலன்னு இருந்துட்டேம்மா."